தடயவியல் ஆய்வாளர் ஒருவரின் ஆய்வுப் பணியையும் செல்வாக்கையும் எடைபோடுவது எப்படி: கொழும்பிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

தடயவியல் வல்லுநர் ஒருவரின் ஆய்வுத் தகுதியை அறிய வேண்டியவர்கள் கொழும்பில் பலர் இருக்கிறார்கள். புதுக்கடை நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு ஆயத்தமாகும் சட்டத்தரணி, பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் சட்ட மருத்துவம் பயிலச் சேர்ந்து வழிகாட்டியைத் தேடும் இளம் மருத்துவர், விரிவுரையாளர் பதவிக்கான விண்ணப்பங்களைப் புரட்டும் தெரிவுக்குழு உறுப்பினர், வழக்கொன்றைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர் என்று பட்டியல் நீளும். இவர்களில் பெரும்பாலானோர் முதலில் செய்வது ஒன்றுதான். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்கொலரில் பெயரைத் தட்டி, ஓரத்தில் தெரியும் மேற்கோள் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்கிறார்கள். அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள்.

அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஒருவரை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்பதைவிட, எதற்காகக் காட்டினார்கள் என்பதே தடயவியலில் பெரிது. இந்தத் துறையின் கட்டுரை நூலகத்தோடு நிற்பதில்லை. சாட்சிக் கூண்டு வரை வந்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பவும் கூடும், விடுவிக்கவும் கூடும். ஆகவே பொறுமையாகச் செய்யுங்கள். ஒருவரைப் பற்றி ஒழுங்காகத் தேடி முடிக்க இரண்டு மூன்று நாள் பிடிக்கும்.

படி 1: எதற்காகத் தேடுகிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

ஒரே வரி போதும். சட்டத்தரணிக்கு வேண்டியது, வழக்கில் எழும் குறிப்பிட்ட கேள்வியில் இவர் ஆய்வு செய்திருக்கிறாரா என்பது. மாணவருக்கு வேண்டியது, இவரோடு சேர்ந்தவர்கள் முதலாசிரியர்களாகக் கட்டுரை எழுதி வெளியே வந்திருக்கிறார்களா என்பது. தெரிவுக்குழுவுக்கு மொத்தப் பணியும் வேண்டும். கேள்வி தெளிவில்லாமல் தேடத் தொடங்கினால் எண்கள் மட்டுமே மிஞ்சும்.

படி 2: ஆளை உறுதிப்படுத்துங்கள்

அவசரப்படக் கூடாத இடம் இது. நம் பெயர்கள் மேற்கத்திய தரவுத்தளங்களின் சட்டகத்துக்குள் அடங்குவதில்லை. கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராகவும் மற்றவற்றை முதலெழுத்துகளாகவும் அவை எடுத்துக்கொள்கின்றன. தந்தையின் பெயரை முன்னால் ஒற்றை எழுத்தாக வைத்து எழுதும் தமிழருக்கு அவருடைய சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிவிடுகிறது. அவரே வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதினால் தந்தையின் பெயர் கடைசிக்கு வரும். தரவுத்தளத்தில் அவர் இரண்டு ஆட்களாகிவிடுவார். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றிய பெண் ஆய்வாளர்கள் மூன்றாகவும் பிரிந்துபோவதுண்டு. சிங்களப் பெயர்களில் தொல்லை வேறு மாதிரி: பெரேரா, பெர்னாண்டோ, சில்வா என்று முடியும் பெயர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் ஒருவரின் கட்டுரை மற்றவர் கணக்கில் ஏறிவிடும்.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பொறி. 1955இல் கொழும்பிலிருந்து வெளிவந்த முக்கியமான ஒரு கட்டுரையின் இணையாசிரியர்களில் ஒருவர் கதிர்காமத்தம்பி. அச்சில் அவர் பெயரின் முற்பாதியிலுள்ள தகரத்துக்கு ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்திருக்கிறார்கள். பிற்பாதியில் 'தம்பி'க்குச் சேர்க்கவில்லை. இன்றைய வழக்கப்படி இரண்டு இடத்திலும் 'எச்' போட்டுத் தேடுபவர் அவரைத் தவறவிடக்கூடும்.

ஆகவே பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு கட்டுரையிலும் நிறுவனத்தின் பெயரையும் இணையாசிரியர்களையும் பாருங்கள். ஆய்வாளருக்கு ஓர்கிட் எண் இருந்தால் பாதி வேலை குறையும். 2012இல் தொடங்கிய அந்தத் திட்டம் ஒவ்வொரு ஆய்வாளருக்கும் 16 இலக்க எண்ணொன்றை வழங்குகிறது. பெயர் மாறினாலும் எண் மாறாது. கூகுள் ஸ்கொலர் பக்கத்தை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். ஆய்வாளர் தாமே திறக்கும் பக்கம் அது. தானாகச் சேர்க்கும்படி விட்டுவிட்டால், அதே பெயருள்ள தமிழ்நாட்டு இரசாயனப் பேராசிரியரின் கட்டுரைகளும் அதில் வந்து குந்திக்கொள்ளும். சட்ட மருத்துவரின் பட்டியலில் பலபடிச் சேர்மம் பற்றிய கட்டுரை தென்பட்டால் கவனித்துப் பாருங்கள்.

படி 3: எழுதியவற்றைத் திரட்டி வகை பிரியுங்கள்

பப்மெட், ஸ்கோபஸ் என்னும் கட்டுரைத் தரவுத்தளங்களிலும் கூகுள் ஸ்கொலரிலும் தேடுங்கள். அதோடு நிறுத்தினால் இலங்கை ஆய்வாளருக்கு அநீதி செய்தவர்களாவீர்கள். இலங்கை மருத்துவச் சங்கத்தின் சிலோன் மெடிக்கல் ஜேர்னல் பப்மெட்டில் கிடைக்கும். ஆனால் இங்குள்ள சட்ட மருத்துவக் கட்டுரைகளில் கணிசமானவை இலங்கைச் சட்ட மருத்துவ ஆய்விதழ்களில் வெளிவந்து, அந்தப் பெரிய தரவுத்தளங்களுக்கு எட்டாமல் இருக்கின்றன. தேசிய விஞ்ஞான மன்றத்தின் பொறுப்பிலுள்ள இலங்கை ஆய்விதழ்கள் இணையத் தளத்தில் அவற்றைத் தேடலாம். ஸ்கோபஸ் கட்டணச் சேவை என்பதால் வீட்டிலிருந்து முழுமையாகப் பார்க்க முடியாது. பல்கலைக்கழக நூலகரிடம் கேளுங்கள். இந்த வேலையில் நூலகரைப் போல உதவக்கூடியவர் வேறில்லை.

திரட்டியதைக் குவியலாக எண்ணாதீர்கள். மூல ஆய்வு, மீளாய்வு, தனி வழக்கு அறிக்கை, ஆசிரியருக்குக் கடிதம், மாநாட்டுச் சுருக்கம் என்று பிரியுங்கள். நம் நாட்டுச் சட்ட மருத்துவ எழுத்தில் தனி வழக்கு அறிக்கைக்குப் பெரிய இடமுண்டு. பரிசோதனை மேசையில் அபூர்வமாக ஒன்றைக் கண்டவர் அதைப் பதிவுசெய்வது மதிப்புள்ள பணி. ஆயினும் ஒரே ஒரு உடலில் கண்டதைக் கொண்டு பொதுவிதி சொல்ல முடியாது. முப்பது வழக்கு அறிக்கை எழுதியவரும் முந்நூறு உடல்களை அளந்து ஒரே கட்டுரை எழுதியவரும் செய்திருப்பது வேறு வேறு வேலை.

ஆசிரியர் வரிசையையும் பாருங்கள். மருத்துவ, தடயவியல் கட்டுரைகளில் முதற்பெயர் பெரும்பாலும் வேலையைச் செய்தவருடையது. கடைசிப் பெயர் மேற்பார்வை செய்தவருடையது. நடுவிலுள்ளவர்களின் பங்கு கட்டுரையின் இறுதியில் எழுதப்பட்டிருந்தால் வாசியுங்கள்.

ஒரு பெரும் பகுதி எங்கேயும் தெரியாது என்பதும் நினைவிருக்கட்டும். பிரேதப் பரிசோதனை அறிக்கைகளும், அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் ஆய்வுகூட அறிக்கைகளும் நீதிமன்றத்துக்குப் போகின்றன, ஆய்விதழுக்குப் போவதில்லை. வாழ்நாள் முழுவதும் அருமையாகப் பணியாற்றிய ஒருவரின் பெயர் தரவுத்தளத்தில் நான்கு இடத்தில் மட்டும் இருக்கலாம்.

படி 4: எண்களை அவற்றின் அளவுக்கு மட்டும் நம்புங்கள்

எச்-சுட்டெண்ணை 2005இல் முன்வைத்தவர் ஜோர்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். ஒருவரின் எத்தனை கட்டுரைகள், ஒவ்வொன்றும் குறைந்தது அத்தனை மேற்கோள்களைப் பெற்றிருக்கின்றன என்பதே அது. கணக்கு எளிது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் அடுக்குங்கள். ஒருவரின் ஏழு கட்டுரைகளுக்கு 40, 22, 9, 6, 5, 3, 1 என்று மேற்கோள்கள் இருந்தால், ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து இருக்கிறது, ஆறாவதற்கு ஆறு இல்லை, சுட்டெண் 5. இன்னொருவருக்கு 300, 4, 3, 2 என்று இருந்தால் சுட்டெண் 3. துறையைத் திருப்பிப்போட்ட அந்த 300 மேற்கோள் கட்டுரை சுட்டெண்ணில் தெரியவே தெரியாது. அதிகம் எழுதுபவருக்குச் சாதகமான அளவுகோல் இது. அபூர்வமாக எழுதி ஆழமாகத் தைப்பவருக்குப் பாதகமானது.

தளத்துக்குத் தளம் எண் மாறும். கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் மாநாட்டுக் கட்டுரைகளையும் சேர்த்து எண்ணுவதால் அதிலுள்ள தொகை பெரிதாக இருக்கும். ஸ்கோபஸில் தன் கட்டுரையைத் தானே மேற்கோள் காட்டியதை நீக்கிப் பார்க்கும் வசதி உண்டு. நீக்கியபின் தொகை பெரிதாக விழுந்தால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்தத் தளம், எந்தத் திகதி என்று எழுதாத மேற்கோள் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

துறை விட்டுத் துறை ஒப்பிடவே கூடாது. இதயநோய் மருத்துவருக்கு அருகில் தடயவியலாளரை நிறுத்தினால் அவர் குள்ளமாகத்தான் தெரிவார். தடயவியல் சிறிய துறை. அதன் கட்டுரைகளை வாசிப்பவர்களில் பலர் எழுதுபவர்கள் அல்லர். பிரான்சிஸ் வீதியிலுள்ள சட்ட மருத்துவ, நச்சியல் நிறுவகத்தில் காலையில் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி ஒரு கட்டுரை சொன்ன முறையைப் பின்பற்றி முடிவெடுக்கிறார். அது எந்த மேற்கோள் கணக்கிலும் ஏறாது. சுவீடனில் மதுசார ஆய்வில் பெயர்பெற்ற ஏ. டபிள்யூ. ஜோன்ஸ், இந்தத் துறையின் மேற்கோள் கணக்குகளையே தனியாக ஆராய்ந்து கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றைப் போன்ற துறைசார் ஒப்பீடுகளை வைத்துத்தான் ஒருவரை அளக்க வேண்டும்.

ஆய்விதழின் தாக்கக் காரணியைக் கொண்டு ஆளை மதிப்பிடுவதைக் கைவிடுங்கள். ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதே அது. சராசரியை வைத்துத் தனிக் கட்டுரையின் தரத்தைச் சொல்ல முடியாது. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனம் இதைத்தான் திட்டவட்டமாகச் சொன்னது. நம் தெரிவுக்குழுக்கள் அதை இன்னும் மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

படி 5: மேற்கோள் காட்டிய வாக்கியத்தை வாசியுங்கள்

இதை மட்டும் செய்துவிட்டு மற்றப் படிகளை விட்டாலும் பாதகமில்லை என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இது முக்கியம். ஒருவரின் மிகச் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தெரிவுசெய்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டியவற்றில் பத்துப் பதினைந்தைத் திறந்து, அவர் பெயர் வரும் வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். அந்த வாக்கியம் என்ன செய்கிறது? முன்னுரையில் ஐந்து பெயர்களோடு சேர்த்துப் போகிற போக்கில் சொல்கிறதா? அவருடைய முறையை எடுத்துப் பயன்படுத்துகிறதா? அவருடைய அளவீடுகளின் மேல் தன் கணக்கைக் கட்டுகிறதா? அவர் சொன்னது தவறு என்று காட்டுகிறதா? நான்கும் எண்ணிக்கையில் ஒன்றாகத்தான் ஏறும்.

கொழும்பிலேயே இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. மேலே சொன்ன 1955ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியவர்கள் ஜி. எஸ். டபிள்யூ. டி சேரம், வெப்ஸ்டர், கதிர்காமத்தம்பி ஆகிய மூவர். டி சேரம் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் சட்ட மருத்துவப் பேராசிரியர், கொழும்பின் சட்ட வைத்திய அதிகாரி. கட்டுரையின் பொருள், இறந்தபின் உடலின் வெப்பநிலை குறைவதைக் கொண்டு இறந்த நேரத்தைக் கணிப்பது. வெளிவந்தது அமெரிக்காவின் குற்றவியல் சட்ட ஆய்விதழ் ஒன்றில்.

அந்தக் கேள்வி அன்றைய கொழும்புக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை. கிரிக்கெட் வீரர் மகாதேவ சதாசிவம் தன் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட வழக்கில், அந்தப் பெண் எத்தனை மணிக்கு இறந்தார் என்பதுதான் அச்சாணியாக இருந்தது. கொலை நடந்தது 1951 ஒக்டோபரில். அரசு தரப்பில் டி சேரம் சாட்சி சொன்னார். எதிர்த்தரப்பில் எடின்பரோவிலிருந்து சட்ட மருத்துவ நிபுணர் சேர் சிட்னி ஸ்மித் வந்து சாட்சி சொன்னார். 1953இல் சதாசிவம் விடுதலையானார். இரண்டு ஆண்டு கழித்து இந்தக் கட்டுரை வந்தது.

கட்டுரையின் பலம் அதன் தரவில் இருக்கிறது. தூக்கிலிடப்பட்ட கைதிகளின் உடல்களில் வெப்பநிலையைத் தொடர்ந்து அளந்திருந்தார்கள். வழக்கமாகக் கிடைக்கும் உடல்களில் இறந்த நேரம் தெரியாது. அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே அது நிமிடக் கணக்கில் தெரியும். மணிக்கு இத்தனை பாகை என்று ஒரே சீராகக் குறையும் என்ற பழைய விதியை, வெப்பமண்டலச் சூழலில் எடுத்த உண்மையான அளவீடுகளோடு வைத்துப் பார்க்க முடிந்தது. இலங்கையில் 1976க்குப் பின் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை. அதே அளவீட்டை இங்கே எவரும் திரும்பச் செய்ய முடியாது. இன்றைய ஆய்வு நெறிக் குழு எதுவும், சம்மதம் பெறப்படாத கைதிகளின் உடல்களில் அதை அனுமதிக்கவும் கூடாது.

பிறகு 1962இல் மார்ஷலும் ஹோரும் உடல் குளிர்வதைக் கணிதச் சமன்பாடாக்கினார்கள். உடல் வெப்பநிலையிலிருந்து இறந்த நேரத்தைக் கணிக்க ஜெர்மனியின் ஹென்ஸ்கே வகுத்து 1988இல் வெளியிட்ட வரைபடம் இன்று உலகின் பல பிணவறைகளில் பயன்படுகிறது. இந்த வரலாற்றைச் சொல்லும் மீளாய்வுகளில் கொழும்புக் கட்டுரையும் வருகிறது. உங்கள் பயிற்சிக்கு அதையே எடுத்துக்கொள்ளுங்கள்: கூகுள் ஸ்கொலரில் அந்தக் கட்டுரையின் கீழுள்ள மேற்கோள் இணைப்பைத் தட்டி, மேற்கோள் காட்டியவற்றுக்குள் மட்டும் தேடும் பெட்டியில் டி சேரமின் பெயரை இடுங்கள். யார் தரவைப் பயன்படுத்தினார்கள், யார் பெயரை மட்டும் சொன்னார்கள் என்பது ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும்.

எதிர்த்திசையிலும் ஒரு எச்சரிக்கை. மிகப் பெரிய செல்வாக்கு மேற்கோளிலிருந்து மறைந்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தின் லெஸ்டரில் அலெக் ஜெஃப்ரிஸ் 1984இல் டிஎன்ஏ அடையாள முறையைக் கண்டறிந்து 1985இல் வெளியிட்டார். இன்று டிஎன்ஏ அறிக்கை எழுதும் ஒவ்வொருவரும் அவர் திறந்த வழியில் நடக்கிறார். ஆனால் ஒவ்வொருவரும் அவரை மேற்கோள் காட்டுவதில்லை. எல்லோருக்கும் பொதுவாகிவிட்டதை யாரும் அடிக்குறிப்பில் எழுதுவதில்லை.

படி 6: ஆய்விதழுக்கு வெளியே தேடுங்கள்

சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, விஞ்ஞானம், கையெழுத்து, விரலடையாளம் போன்றவற்றில் தனித்தேர்ச்சி உள்ளவர்களின் அபிப்பிராயத்தை நீதிமன்றம் கருத்திற்கொள்ள இடமளிக்கிறது. அந்த அபிப்பிராயத்துக்கான ஆதாரங்களும் தொடர்புடையவை என்கிறது 51ஆம் பிரிவு. வெளியான மேன்முறையீட்டுத் தீர்ப்புகளில் வல்லுநரின் பெயரைத் தேடி, நீதியரசர்கள் அவர் சாட்சியத்தை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று வாசியுங்கள். ஏற்றுக்கொண்டார்கள் என்பதோடு நிற்காதீர்கள். என்ன காரணம் சொன்னார்கள் என்று பாருங்கள்.

அரசின் கொள்கையில் விழுந்த தடமும் கணக்கில் சேரும். 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு 47 அளவில் உச்சத்தைத் தொட்டது. பூச்சிகொல்லி நஞ்சேற்றம் பற்றி இங்குள்ள மருத்துவர்களும் நச்சியலாளர்களும் வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்த்த சான்றுகள் தடைகளுக்கு வலுச் சேர்த்தன. பரகுவாட், டைமெத்தோயேட், ஃபென்தியோன் மூன்றும் 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாக நிறுத்தப்பட்டன. தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்தன. எச்-சுட்டெண் எதுவும் இதை அளக்காது. பாடத்திட்டம், ஆய்வுகூட நடைமுறை, பயிற்றுவித்த மாணவர்கள் ஆகியவற்றையும் விசாரியுங்கள்.

படி 7: செல்வாக்கும் நம்பகமும் ஒன்றா என்று கேளுங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பது ஆபத்து. இங்கிலாந்தில் சேர் ரோய் மெடோ புகழ்பெற்ற குழந்தை மருத்துவர். அவர் எழுத்துக்குச் செல்வாக்கு இருந்தது. தன் இரண்டு குழந்தைகளைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட சாலி கிளார்க் என்ற தாயின் வழக்கில், 1999இல், ஒரே குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் தொட்டிலில் திடீரென இறப்பதற்கான வாய்ப்பு 7 கோடியே 30 இலட்சத்தில் ஒன்று என்றார். ஒரு குழந்தை அப்படி இறப்பதற்கான வாய்ப்பாகச் சொல்லப்பட்ட 8543இல் ஒன்று என்பதை அதே எண்ணால் பெருக்கி வந்த தொகை அது. இரண்டு மரணங்களுக்கும் தொடர்பே இல்லை என்று எடுத்துக்கொண்டால்தான் அப்படிப் பெருக்கலாம். ஒரே வீட்டில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த குழந்தைகளுக்கு அது பொருந்தாது. பிரிட்டனின் அரச புள்ளியியல் சங்கம் 2001இல் பகிரங்கமாக மறுத்தது. தாய் 2003இல்தான் விடுதலையானார். மேற்கோள் எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், வல்லுநர் தன் துறையின் எல்லைக்குள் நின்று பேசுகிறாரா என்பதைத் தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

ஒரு முறையே ஆட்டங்காணலாம். 2009இல் அமெரிக்கத் தேசிய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வு மன்றம் வெளியிட்ட அறிக்கை, டிஎன்ஏ தவிர்ந்த பல ஒப்பீட்டு முறைகளுக்கு உறுதியான விஞ்ஞான அடித்தளம் நிறுவப்படவில்லை என்றது. 2016இல் அமெரிக்க ஜனாதிபதியின் ஆலோசனைக் குழு இன்னும் கூர்மையாகக் கேட்டது: பிழை வீதம் எவ்வளவு, யார் அளந்தார்கள்? அத்தகைய முறைகளில் ஒன்றான பல் கடித்தட ஒப்பீட்டைப் பற்றி நூறு கட்டுரை எழுதியவரிடமும் நீங்கள் கேட்க வேண்டியது அந்த இரண்டு கேள்விகள்தான். 2006இல் இட்டியல் ட்ரோரும் சகாக்களும் செய்த சிறிய ஆய்வை இங்கே மறக்கக்கூடாது. ஐந்து விரலடையாள நிபுணர்களுக்கு, அவர்களே முன்பு பொருந்துகிறது என்று சொன்ன தடயங்களை, வேறொரு வழக்கில் பிழையாகப் பொருத்தப்பட்டவை என்று சொல்லிக் கொடுத்தார்கள். நால்வர் தம் முந்தைய முடிவிலிருந்து விலகினர். ஐந்தே பேர்தான். ஆனாலும் உலகெங்கும் ஆய்வுகூடங்கள் பக்கச்சார்பைப் பற்றிப் பேசத் தொடங்கியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

மீளப்பெறப்பட்ட கட்டுரைகள் இருக்கின்றனவா என்று ரிட்ராக்ஷன் வொட்ச் தரவுத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வெளிவந்தவற்றைத் தனியாகக் குறியுங்கள். ஒன்றிரண்டு இருந்தால் விளக்கம் கேளுங்கள், பட்டியலில் பாதி அப்படி என்றால் கேட்கவே வேண்டியதில்லை.

படி 8: ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

முதற்பந்தியில் அவர் எந்தக் கேள்விகளில் உண்மையில் ஆய்வு செய்திருக்கிறார் என்று எழுதுங்கள். இரண்டாவதில் மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றையும் பிறர் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதோடு. மூன்றாவதில் நீதிமன்றத்திலும் ஆய்வுகூடத்திலும் கொள்கையிலும் காணும் தடம். நான்காவதில் அவரை மறுத்தவர்கள், அவர்களுக்கு அவர் அளித்த பதில். மறுப்புக்குப் பதில் எழுதியவரா, மௌனமாகக் கடந்தவரா என்பது வேண்டியவர்களுக்கு மிகவும் உதவும் தகவல். எண்களைக் கடைசி வரியில், தளத்தின் பெயரோடும் திகதியோடும் எழுதுங்கள். முடிந்தால் அந்தப் பக்கத்தை ஆய்வாளருக்கே அனுப்பி, விடுபட்டவை உண்டா என்று கேளுங்கள். பெயர்க் குழப்பத்தால் தவறிப்போன கட்டுரைகளை அவரே சொல்லக்கூடும். பதவி உயர்வு, நேர்முகத் தேர்வு, வழக்கு ஆகியவற்றுக்காக எழுதியதென்றால், பயன்படுத்தும் வாரத்தில் எண்களை மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.